டெஸ்ட் நாளில் அவர் குடித்த தண்ணீர்

என் கணவர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவைத்துவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதில் அவர் அப்படித் தெரியமாட்டார். சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து கையில் கொடுப்பவர். யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர். ஆனால் தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மைசூருக்கு வெளியே எங்கள் லேஅவுட்டில், இருக்கிற ஜனமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க அவர் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

நாங்கள் இருவரும் ஹனூர் பக்கம், கர்நாடக எல்லையோரத்துத் தமிழர்கள். அவர் மைசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, நான் ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸ். கல்யாணமான புதிதில் டவுனுக்குள் ஒண்டுக்குடித்தனம். பிறகு எல்லோரையும் போல எங்களுக்கும் சொந்த வீட்டு ஆசை வந்தது. அப்போதுதான் லேஅவுட்காரர் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தார்.

லேஅவுட் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நஞ்சன்கூடு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ராகி விளைந்த நிலத்தில் கல் நட்டுப் பிரித்து விற்ற சைட்டுகள். ரோடு என்ற பெயரில் செம்மண். கரண்ட் இருந்தது. சாமுண்டி மலை நன்றாகத் தெரியும், அதைக் காட்டித்தான் விற்றார்கள். தண்ணீர்தான் கிடையாது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கைப்பம்பு ஒன்று இருந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டிப் போய், அந்த ஊர்ப் பெண்கள் பிடித்து முடித்த பிறகு, அவர்கள் முறைப்பையும் வாங்கிக்கொண்டு பிடித்து வர வேண்டும்.

இப்படிப்பட்ட இடத்தை ஏன் வாங்கினோம் என்றால், விற்றவர் நம்ம ஆள். இந்த "நம்ம ஆள்" என்ற சொல்லுக்கு மைசூரில் இருந்த மதிப்பை இப்போது விளக்குவது கஷ்டம். வெளியூரில் பிழைக்க வந்தவனுக்குத் தன் ஊர்ப் பேச்சைப் பேசும் ஒருவன் கிடைத்துவிட்டால் போதும், கண்ணை மூடிக்கொள்வான். லேஅவுட்காரர் எங்கள் ஊர்களுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் பிறந்தவர். எங்களைப் போலவே "ஏனுங்க, வாங்க, உக்காருங்க" என்று இழுத்துப் பேசுவார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஒரு கீற்று விபூதி. என்னை முதல் நாளிலேயே தங்கச்சி என்று கூப்பிட்டுவிட்டார். என் கணவர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான். தான் வாங்கியதோடு விடாமல் தன் டிபார்ட்மெண்டில் இருந்த பாதிப் பேரை அழைத்துவந்து சைட் வாங்க வைத்தார். ஆக, அந்த லேஅவுட்டில் எது நடந்தாலும் அதில் என் கணவரின் வாக்கும் கலந்திருந்தது.

தண்ணீரைப் பற்றிக் கேட்டபோது லேஅவுட்காரர் சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "அதுவரைக்கும் டேங்கர் என் செலவுங்க. போர் போட்டு, மோட்டார் எறக்கி, ஒரு நாள் பூராவும் ஓட்டிக் காட்டறேன். தண்ணி போதும்னு நீங்களே வாயால சொல்லோணும். அதுக்கப்பறம்தான் டேங்கர நிறுத்துவேன்." எவ்வளவு நியாயமான பேச்சு. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

சொன்னபடி டேங்கரும் வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். வாசலில் டிரம்மை உருட்டி வைத்தால் குழாயைப் போட்டு நிரப்பிவிட்டுப் போவான். அந்த டேங்கர் இருந்ததால்தான் நான் அங்கே குடிபோகச் சம்மதித்தேன். டவுனில் இருந்தபோது எனக்கு ஒரு கர்ப்பம் கலைந்திருந்தது. கீழ் வீட்டுத் தொட்டியிலிருந்து மாடிக்குக் குடம் குடமாகத் தூக்கிக்கொண்டிருந்த காலம் அது. தூக்கியதால்தான் போயிற்று என்று டாக்டர் சொல்லவில்லை. ஆனால் அடுத்தது தங்கியதும், இந்தத் தடவை ஒரு சொம்புக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நானும் பிரசவ வார்டில் வேலை பார்ப்பவள். பிறத்தியாருக்குச் சொல்கிற புத்தியைத் தனக்கும் சொல்லிக்கொள்ள வேண்டுமல்லவா. போர் போட வந்தபோது எனக்கு ஐந்தாவது மாதம். டேங்கர் நின்றால் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும். என் கணவர் ஷிப்டுக்குப் போய்விட்டால் தாண்ட வேண்டியவள் நான்தான். ஆகவே அந்தப் போரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது எனக்கு வேடிக்கை பார்க்கிற விஷயமாக இல்லை.

போர் லாரி திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. அதற்கு முன் நீரோட்டம் பார்க்கிற ஒருவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு லேஅவுட்டைச் சுற்றி வந்தார். பழைய கிராவல் குழி ஒன்று இருந்தது, ரோடு போட மண் தோண்டிய இடம், அதன் ஓரத்தில் தேங்காய் எழுந்து நின்றது. அங்கேயே போட்டார்கள். புழுதி பறந்து எங்கள் வீடுகளெல்லாம் வெள்ளை பூசினாற்போல் ஆயின. மேல்மண் சரியாமல் இருக்கவும் மேல்தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்கவும் போரின் வாய்ப்பக்கத்தில் பெரிய குழாய் இறக்குவார்கள், கேசிங் பைப் என்று சொல்வது. அந்தக் குழாய்கள் லாரியில் அடுக்கி வந்திருந்ததை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். வேலை முடிந்து லாரி கிளம்பியபோது அதில் பாதிக் குழாய் அப்படியே திரும்பிப் போவதையும் பார்த்தேன். மிச்சப்படுத்துகிறார் போலிருக்கிறது என்று நினைத்ததோடு சரி, அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

கம்ப்ரெசர் காற்றை உள்ளே விட்டதும் தண்ணீர் மரம் உயரத்துக்குப் பீய்ச்சியது. ஆட்கள் கைதட்டினார்கள். லேஅவுட்காரர் சந்தோஷத்தில் நனைந்துகொண்டே நின்றார். அன்றோடு விட்டிருந்தால் டேங்கர் அன்றே நின்றிருக்கும். பக்கத்து லேஅவுட்டில் அப்படித்தான் பீய்ச்சியதைப் பார்த்து லட்டு கொடுத்துவிட்டு, மாசம் திரும்புவதற்குள் வறண்டு போனதை எல்லோரும் பார்த்திருந்தோம். காற்று வேகத்தில் வருவது வேறு, மோட்டார் இழுக்க இழுக்க ஊறுவது வேறு. வாக்குக் கொடுத்தபடி ஒரு நாள் பூராவும் ஓட்டிக் காட்டட்டும் என்று பெண்கள் பிடிவாதமாக நின்றோம். அவரும் முகம் சுளிக்காமல் ஞாயிற்றுக்கிழமை என்று நாள் சொன்னார்.

ஞாயிறு காலை மோட்டார் மெக்கானிக் வந்து வாடகை மோட்டாரை உள்ளே இறக்கினார். எப்படி டெஸ்ட் செய்வது என்றால், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வப்போது குழாயை ஒரு பெரிய டிரம்மில் திருப்பி, அது நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று வாட்சைப் பார்ப்பது. நேரம் கூடிக்கொண்டே போனால் ஊற்று போதவில்லை என்று அர்த்தம். கூடாமல் இருந்தால் நல்ல போர். இதில் யாருக்கும் சந்தேகம் வர இடமில்லை. என் கணவர்தான் வாட்சைப் பார்க்கிறவர். கல்யாணத்துக்கு என் வீட்டில் போட்ட வாட்ச்.

டிரம்மில் பிடிக்காத நேரத்தில் வருகிற தண்ணீரை எங்கே விடுவது என்ற கேள்வி வந்தது. மெக்கானிக் ஒரு நீளமான ஹோஸைச் சுருள் பிரித்துக்கொண்டே, "அந்தப் பக்கம் ரோட்டோர ஓடையில விட்டுர்லாங்களா?" என்று கேட்டார்.

லேஅவுட்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஏனப்பா, தண்ணியில்லாத எடத்துல தண்ணியக் கொண்டுபோயி ஓடையில விடறதா? கங்கம்மா சும்மா விடுவாளா? இந்தா பக்கத்துலயே குழி கெடக்குது. அதுல விடு. நெறஞ்சா ஜனங்களுக்கு ஆவும்."

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. எப்படிப் பேசுவோம்? டேங்கர் குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்குக் கூட அடியில் சொம்பு வைக்கிற ஜனம் நாங்கள். காய்கறி கழுவிய தண்ணீரில் பாத்திரம் அலசி, பாத்திரம் அலசிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றியவர்கள். நாள் முழுக்க ஓடுகிற நல்ல தண்ணீரை ஓடையில் விடுவதை எங்கள் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மனுஷன் என்றால் இவரல்லவா மனுஷன் என்று ஒரு அம்மாள் உருகியே போனார். மெக்கானிக்குக்கும் வேலை மிச்சம். ஹோஸைச் சுருட்டி வண்டியில் போட்டுவிட்டார்.

பூஜை நடந்தது. குழாய் வாயில் மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, மோட்டாரைப் போட்டார்கள். முதலில் சேறு, பிறகு கலங்கல், பிறகு கண்ணாடி மாதிரி தண்ணீர். லேஅவுட்காரர் எவர்சில்வர் டம்ளரில் பிடித்து, எல்லோரும் பார்க்க அண்ணாந்து குடித்தார். எங்கள் வரிசையில் கன்னடக் குடும்பங்களும் உண்டு என்பதால் கன்னடத்தில், "சக்கரே தர இதே" என்றார். சர்க்கரை மாதிரி இருக்கிறதாம். சர்க்கரைப் பொங்கலும் கொடுத்தார்.

குழாயிலிருந்து குழி வரைக்கும் ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். அதில் தண்ணீர் சலசலவென்று ஓடுவதைப் பார்த்ததும் பெண்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. யார் முதலில் ஆரம்பித்தது என்று தெரியாது. பார்க்கப் பார்க்க ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அழுக்கு மூட்டை வெளியே வந்தது. போர்வை, ஜமுக்காளம், ஜன்னல் திரை, குழந்தைகளின் பாவாடை, ஆண்களின் பாக்டரி யூனிபார்ம். டேங்கர் தண்ணீரில் கம்பளியை நனைக்கிற துணிச்சல் யாருக்கு வரும்? வருஷக்கணக்கில் சேர்ந்த அழுக்கு அன்றைக்கு வெளியேறியது. பக்கத்து வீட்டுக் கன்னட அக்கா என் துணிகளையும் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். எனக்கு உட்கார ஒரு கல்லைக் காட்டி, நீ சோப்பு மட்டும் போடு, பிழிவது என் வேலை என்றார். அந்தச் சமயம் எலுமிச்சை வாசனையோடு ஒரு துணி பவுடர் வந்திருந்தது, எல்லோர் வீட்டிலும் அதுதான். வாய்க்கால் நெடுக நுரை ததும்பி, குழிக்குள் போய் இறங்கியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு நாங்கள் கை நிறையத் தண்ணீரை அள்ளினோம். அந்தச் சந்தோஷத்தை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்தப் பக்கம் ஆண்கள் டிரம்மைச் சுற்றி நின்று வாட்சைப் பார்த்தார்கள். காலையில் எவ்வளவு நேரத்தில் நிறைந்ததோ, மதியமும் அதே நேரத்தில் நிறைந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பிடித்தபோதும் அப்படியே. என் கணவர் ஒவ்வொரு தடவையும் கையை உயர்த்திக் காட்ட, ஆண்கள் ஹோவென்று கத்தினார்கள். கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற கூட்டம் போல இருந்தது.

எனக்கு முதலில் உறுத்தியது அந்தக் குழிதான். காலையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அடியில் ஒரு முழம் நின்றதே தவிர, அதற்கு மேல் ஏறவே இல்லை. என் கணவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏனுங்க, இவ்வளவு தண்ணி போகுது, இந்தக் குழி ஏன் நெரம்ப மாட்டேங்குது?"

"பூமி காஞ்சு கெடக்குதல்ல. குடிக்குது," என்றார். அவருக்கு வாட்ச் பார்க்கிற அவசரம்.

குடிக்கட்டும். குடித்ததை எங்கே வைத்துக்கொள்கிறது என்று நான் யோசித்துக்கொண்டே துணிக்குச் சோப்புப் போட்டேன். வெயில் சாய்ந்த நேரம். கன்னட அக்கா கடைசிப் போர்வையை அலசக் குழாய் வாய்க்கே போயிருந்தார். அங்கே, அதாவது எங்கள் சோப்பு ஒன்றும் எட்டாத மேல் பக்கத்தில், இரும்புக் குழாயிலிருந்து விழுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "சிஸ்டர், நொரே பர்த்தா இதே, நோடி," என்றார்.

எழுந்து போய்ப் பார்த்தேன். நுரைதான் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் விழுகிற இடத்தில் வெள்ளையாகக் கட்டி, உடைந்து, மறுபடி கட்டியது. கையில் பிடித்து முகர்ந்தேன். எலுமிச்சை வாசனை.

எனக்கு ஒரு நிமிஷத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. குழியில் விட்ட தண்ணீர் எங்கேயும் போகவில்லை. கிராவல் மண்ணில் இறங்கி, கேசிங் பாதியோடு நின்ற இடத்தில் போருக்குள்ளேயே திரும்பி விழுந்துகொண்டிருந்தது. மேலே வருவதும் அது, கீழே போவதும் அது. காலையிலிருந்து ஒரே தண்ணீரைச் சுற்றிச் சுற்றி இறைத்து, வாட்சை வைத்து அளந்து, கைதட்டிக்கொண்டிருந்தார்கள். காய்ச்சல் பார்ப்பதற்கு முன்னால் குழந்தைக்குச் சூடாக டீ கொடுத்துவிட்டு வாயில் தெர்மாமீட்டர் வைப்பது போன்ற டெஸ்ட் அது. ஓடையில் விட்டிருந்தால் மதியத்துக்குள் குட்டு வெளிப்பட்டிருக்கும். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று நாங்கள் நினைத்த நல்ல நினைப்பை வைத்தே எங்கள் காதில் பூச்சுற்றியாயிற்று.

அதற்குள் அங்கே முடிவுரை ஆரம்பமாகிவிட்டது. லேஅவுட்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து, "காலைலருந்து ஒரே அளவு. நீங்களே பாத்தீங்க. சொல்லுங்க, தண்ணி போதுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் கணம் மனசில் வந்ததெல்லாம் டேங்கர்தான். இவர்கள் வாயைத் திறந்து போதும் என்று சொல்லிவிட்டால் நாளை முதல் அது வராது.

பூஜைத் தட்டில் அந்த எவர்சில்வர் டம்ளர் குங்குமத்தோடு அப்படியே இருந்தது. எடுத்துக்கொண்டுபோய்க் குழாயில் பிடித்தேன். மேலே நுரை வட்டமாக நின்றது. கூட்டத்துக்குள் போய் லேஅவுட்காரர் முன்னால் நீட்டினேன்.

"அண்ணா, காலைல குடிச்ச மாதிரி இப்பவும் ஒரு வாய் குடிங்க."

அவர் டம்ளரைப் பார்த்தார். பார்த்த பார்வை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "ஏந் தங்கச்சி, இப்பத்தான் டீ குடிச்சேன்," என்று சிரித்தார்.

"நொர வருதுங்கண்ணா. நாங்க தொவைச்ச தண்ணி குழியில எறங்கித் திரும்ப மேல வருது. இது ஊத்தே இல்லைங்க."

"புதுப் போருன்னா நொர வரத்தாஞ் செய்யும். கம்ப்ரெசர் காத்து உள்ள நின்னிருக்கும்."

"காத்து எலுமிச்சம்பழ வாசன அடிக்குமுங்களா?"

பெண்கள் பக்கம் சிரித்துவிட்டார்கள். ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லேஅவுட்காரர் கை நீட்டவில்லை. அவர் குடிக்கவில்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. அவருக்குத் தெரியும். பாதிக் குழாயை லாரியில் திருப்பி அனுப்பிய அன்றைக்கே தெரிந்திருக்கும். இன்னும் ஒரு நிமிஷம் அவர் அப்படியே நின்றிருந்தால் கூட்டம் கேள்வி கேட்க ஆரம்பித்திருக்கும். ஹோஸைப் பிரி, ஓடையில் விடு, மறுபடி ஓட்டு என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லை. என் கணவர் முன்னால் வந்தார். "குடு இங்க," என்று என் கையிலிருந்து டம்ளரை வாங்கினார். தூக்கிக் குடித்தார். ஒரே மூச்சில், நுரையோடு. கீழே வைத்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்குது. ஒண்ணுமில்ல. தண்ணி போதும்," என்றார்.

அவ்வளவுதான். அவரே குடித்துவிட்டார், சிஸ்டர் வீட்டுக்காரரே குடித்துவிட்டார் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டு கலைந்தார்கள். வாயால் சொல்ல வேண்டும் என்று கேட்டாரே லேஅவுட்காரர், சொல்லியாயிற்று. சொன்ன வாயில் என் வீட்டு ஜமுக்காளம் துவைத்த சோப்பு இருந்தது. லேஅவுட்காரர் என் கணவரின் தோளில் கை போட்டுக்கொண்டு கார் வரைக்கும் நடத்திக்கொண்டு போனார். நான் காலி டம்ளரை வைத்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். நாகரிகமாகக் கேட்கவில்லை. கத்தினேன்.

"நாலு பேருக்கு முன்னால நம்மாள நிக்க வெச்சுக் கேக்கறதா?" என்றார் அவர். "அவரு தலகுனிஞ்சா யாருக்குக் கேவலம்? அவர நம்பி வாங்கிக் குடுத்தது நானு. நாளைக்கு பாக்டரியில எல்லாரும் என்னத்தான கேப்பாங்க?"

"உங்களுக்கு அவரு தல குனியக் கூடாது. எனக்கு இடுப்பு ஒடியலாம். அப்படித்தானுங்களே?"

மறுநாள் காலையில் அவர் வேலைக்குப் போக முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்கும் கட்டிலுக்குமாக அலைந்தார். சர்க்கரைப் பொங்கலில் நெய் சரியில்லை என்றார். டேங்கர் நிரப்பிவிட்டுப் போயிருந்த கடைசி டிரம் தண்ணீரில் பாதி அதற்கே போயிற்று. நான் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுத்தேன். நர்ஸ் இல்லையா. ஆனால் ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லவில்லை, சொல்லவும் தோன்றவில்லை.

டேங்கர் வரவில்லை. போரில் சொந்த மோட்டார் இறக்கி, தொட்டி கட்டி, குழாய் இழுத்தார்கள். குழியில் ஊறிக் கிடந்த ஈரம் இருக்கும் வரை ஓடியது. அப்புறம் மோட்டார் போட்டால் கொஞ்ச நேரம் வரும், பிறகு செருமும், காற்றைத் துப்பும். அணைத்துவிட்டு அரை நாள் காத்திருந்தால் மறுபடி இரண்டு குடம். லேஅவுட்காரரைக் கூப்பிட்டால், டெஸ்டில் நீங்களே ஒப்புக்கொண்ட தண்ணீர்தானே, நீங்கள்தான் அளவோடு செலவு செய்ய வேண்டும் என்று பதில் வந்தது. ஆண்கள் கூடிக் கமிட்டி போட்டார்கள். தண்ணீர் ஏன் குறைந்தது என்று அலசி ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். மறு வாரம் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகை முளைத்தது. தமிழிலும் கன்னடத்திலும் எழுதியிருந்தார்கள், இங்கே பெண்கள் துணி துவைக்கக் கூடாது என்று. டெஸ்ட் நாளில் கம்பளியும் போர்வையும் போட்டுத் துவைத்ததில்தான் கங்கம்மா கோபித்துக்கொண்டாள் என்று கமிட்டியில் ஒருவர் பேசியதாகவும் கேள்விப்பட்டேன். அந்தப் போரைப் பற்றி உண்மையைச் சொன்னது எங்கள் துணி ஒன்றுதான். அதன் மேல் பழியைப் போட்டுவிட்டு, குழாயை மிச்சம் பிடித்தவருக்கு அடுத்த வருஷம் கணபதி விழாவில் மாலை போட்டார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எங்கள் வீட்டுக் கதையை நான் வேறு மாதிரி முடித்தேன். டேங்கர் நின்ற அன்றைக்கே இரண்டு பிளாஸ்டிக் கேனைக் கொண்டுவந்து என் கணவரின் சைக்கிளில் கட்டினேன். "போதும்னு சொன்னது நீங்க. கொண்டாறதும் நீங்க," என்றேன்.

அவர் மறுக்கவில்லை. ஷிப்டுக்கு முன்னால் ஒரு நடை, வந்தபின் ஒரு நடை. தண்டவாளத்தில் சைக்கிளைத் தூக்கித் தாண்டி, கைப்பம்பில் கிராமத்துப் பெண்களின் முறைப்பை வாங்கிக்கொண்டு, கேனை நிரப்பிக் கொண்டுவந்து இறக்குவார். மகள் பிறந்தாள், நல்லபடியாகப் பிறந்தாள். அவளுடைய துணிக்கும் அவர்தான் கொண்டுவந்தார். மழையிலும் போனார், பண்டிகையிலும் போனார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் இப்படி ஒரு புருஷன் கிடைக்குமா என்று என்னிடமே சொன்னார்கள். நான் என்ன சொல்ல? அவர் சுமந்ததை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அத்தனை வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அன்றைக்கு வந்தது சோப்பு நுரைதான் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவே இல்லை. பேச்செடுத்தால், "கம்ப்ரெசர் காத்து," என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் லேஅவுட்டுக்குக் காவிரித் தண்ணீர் வந்தது. தெருவே வாசலில் நின்றது. புதுக் குழாயைத் திறந்ததும் முதலில் காற்று சீறி, பிறகு வெள்ளை வெளேரென்று தண்ணீர் கொட்டியது. குழாயில் இருந்த காற்று கலந்து அப்படி வரும், டம்ளரில் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்தால் தெளிந்துவிடும். மகள் ஒரு டம்ளர் பிடித்து, அப்பாதான் முதலில் குடிக்க வேண்டும் என்று ஓடிவந்து கொடுத்தாள். இத்தனை வருஷம் தண்ணீர் சுமந்தது அப்பா என்று அவளுக்குத் தெரியும்.

அவர் டம்ளரை வாங்கினார். உதட்டுக்குக் கொண்டுபோகவில்லை. மேலே நின்ற வெள்ளையைப் பார்த்தார். பிறகு, பழக்கமான காரியம் போல, மெதுவாக மூக்குக்கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். நிமிர்ந்தபோது நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

தெருவெல்லாம் ஆட்கள் நின்றார்கள். லேஅவுட்டில் வேறு யாருக்கும் எதுவும் புரிந்திருக்காது. எனக்கு மட்டும் புரிந்தது. வாயில் வந்ததை விழுங்க மனசில்லை.

"அன்னிக்கே மோந்து பாத்திருக்கலாமுங்களே," என்றேன்.